ரத்தம் சொல்லும் ஜோசியம்

ஜோசியம் பார்க்கிறவர்களைக் கண்டால் விழுந்து விழுந்து சிரிக்கிற நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். நன்றாகப் படித்தவர். பெண்ணுக்கு வரன் பார்த்த சமயத்தில் கூட ஜாதகத்தைக் கையால் தொட மாட்டேன் என்று சாதித்தவர். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு காகிதம் நாலாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று ரத்தப் பரிசோதனை நிலையத்தார் அச்சடித்துக் கொடுத்த காகிதம் அது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை காகிதம் மாறும். எண் ஏறியிருந்தால் அன்றைக்கு அவர் வீட்டில் யாரும் உரக்கப் பேச முடியாது. இறங்கியிருந்தால் எனக்கு ஓட்டலில் காப்பி கிடைக்கும்.

"இதுவும் ஜாதகந்தானே, ஸார்?" என்று ஒரு நாள் கேட்டு விட்டேன்.

"அதெப்படி? அது செவ்வாயையும் சனியையும் பார்த்துச் சொல்வது. இது என் சொந்த ரத்தத்தைப் பார்த்துச் சொல்வது" என்றார் அவர்.

நியாயமான பதில்தான். செவ்வாய்க்கும் என் நண்பருக்கும் சம்பந்தம் இல்லை. ரத்தத்துக்கும் அவருக்கும் உண்டு. ஆகவே, ரத்தப் பரிசோதனை பொய் என்று இந்தக் கட்டுரையில் நான் வாதாடப் போவதில்லை. இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்போடு நின்று போனவன் நான். அந்த இரண்டு வருஷமும் விஞ்ஞான வகுப்பில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் விஞ்ஞானத்தோடு சண்டை பிடிக்கும் துணிச்சல் எனக்குக் கிடையாது. என் சந்தேகம் வேறு. கணக்கு மெய் என்றே வைத்துக் கொள்வோம். மெய்யான அந்தக் கணக்கைக் கையில் வைத்துக் கொண்டு ஒரு மனிதனை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? சந்தேகம் இதுதான். இது எனக்குப் பட்டணத்தில் தோன்றவில்லை, பழவேற்காட்டில் தோன்றிற்று.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைத் தாண்டி, சுமார் 60 கிலோ மீட்டரில் இருக்கிறது. ஏரி என்று பெயரே தவிர, கடல் நீரும் ஆற்று நீரும் கலந்து கிடக்கிற காயல் அது. நம் தேசத்தில் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. அதில் பெரும் பகுதி ஆந்திராவைச் சேர்ந்தது. தெற்கு ஓரம் மட்டும் நம்முடையது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா நீளமாகப் படுத்திருக்கிறது. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டி, அங்கிருந்து சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் நடத்தினார்கள். கோட்டை போய் விட்டது, கல்லறைகள் இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வருகிறவர்கள் அந்த எலும்புக்கூடுகளோடு நின்று படம் பிடித்துக் கொண்டு, வறுத்த மீன் தின்று விட்டுத் திரும்பிப் போகிறார்கள். குப்பங்களுக்குள் வருகிறவர்கள் குறைவு.

நான் ஒரு நாவலுக்காகப் போய் வந்து கொண்டிருந்தேன். நாவல் இன்னும் முடியவில்லை. அது தனிக் கதை. என்னைத் தன் படகில் ஏற்றிக் கொண்டு ஏரியைச் சுற்றிக் காட்டியவர் ஐம்பத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர். 'பாடு' என்றால் என்ன என்று எனக்கு விளக்கிச் சொன்னவரும் அவரே.

பாடு என்பது கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய சில ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிற ஏற்பாடு. ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. முகத்துவாரத்துக்கு அருகே நல்ல நீரோட்டம் இருக்கும். உள்ளே தள்ளிப் போனால் மந்தமாக இருக்கும். வல்லவன் போய் நல்ல இடத்தில் வலையைக் கட்டிக் கொண்டால் மற்றவன் பட்டினி கிடக்க வேண்டியதுதான். அதற்காகச் சீட்டுப் போடுகிறார்கள். யாருக்கு எந்த இடம் என்பது சீட்டில் வரும். பிறகு முறை வைத்து இடம் மாறிக் கொண்டே போகும். இன்றைக்கு மட்டமான இடத்தில் நிற்கிறவனுக்கு நல்ல இடம் ஒரு நாள் வந்தே தீரும்.

"சீட்டுல எடந்தான் வரும், மீன் வராது" என்று பெரியவர் அப்போது சொன்னார். நான் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கொண்டேன், நாவலில் எங்கேயாவது போடலாம் என்று.

ஒரு நாள் விடியற்காலையில் அந்த மனிதர் பாட்டிலிருந்து திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். மனைவி கொடுத்த டீத் தம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணிக் கொண்டது. வலது கையும் வலது காலும் விழுந்து விட்டன. பேச்சும் நின்று விட்டது. யாரோ ஓடிப் போய்ப் புறா ஒன்றைப் பிடித்து வந்து, அதன் ரத்தத்தைக் கையில் தேய்த்தார்கள். இன்னொருவர், தெம்பு வரட்டும் என்று வாயில் காப்பியை ஊற்றினார். பாதி புரைக்கேறி இருமினார். அப்புறந்தான் 108-க்கு போன் போயிற்று. பொன்னேரிக்குப் போய், அங்கிருந்து சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மூளையின் ரத்தக் குழாயில் அடைத்திருக்கும் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் கடந்து விட்டிருந்தது.

மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனேன். கட்டிலின் கால்மாட்டில் நின்று ஓர் இளம் டாக்டர் பெரியவரின் மருமகனிடம் பேசிக் கொண்டிருந்தார். கையில் ஒரு காகிதம்.

"சி.ஆர்.பி. ரொம்ப ஏறியிருக்கு. இவ்வளவு ஏறினவங்க தேறி வர்றது கஷ்டம். வீட்டுல எல்லாரும் மனசைத் தயார் பண்ணிக்குங்க."

கெட்டவர் அல்ல அந்த டாக்டர். முந்தின இரவு தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்று அவருக்கு யாரோ நல்ல ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அன்று இரவு உட்கார்ந்து, தெரிந்த வைத்திய நண்பர் ஒருவரைத் தொந்தரவு செய்து, இந்த சி.ஆர்.பி. என்னும் எண்ணின் பூர்வோத்தரத்தைக் கேட்டுத் தெரிந்து கொண்டேன். வாசகர்களுக்கும் கொஞ்சம் சொல்லி விடுகிறேன். சுவையான விஷயந்தான்.

உடம்புக்குள் எங்கோ புண்ணோ, கிருமியோ, அடியோ இருந்தால் அதை ரத்தம் காட்டிக் கொடுத்து விடும். வெகு காலமாக இதற்கு இருந்த சோதனை ஈ.எஸ்.ஆர். ரத்தத்தை உறையாமல் செய்து, ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு தூரம் அடியில் படிகின்றன என்று அளப்பது. போலந்து டாக்டர் பியர்னாட்ஸ்கி 1897-லேயே இதைக் கவனித்து எழுதினார். 1918-ல் ஸ்வீடனில் ஃபாரேயஸ் என்பவர், கர்ப்பிணிகளின் ரத்தம் மற்றவர்கள் ரத்தத்தை விட வேகமாகப் படிவதைக் கண்டார். கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை கிடைத்து விட்டது என்று நினைத்தார். பிறகு பார்த்தால், நோயாளிகளின் ரத்தமும் அப்படித்தான் படிந்தது.

1930-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், ஃபிரான்ஸிஸ் என்ற இருவர், நிமோனியாக் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தில் ஒரு புதிய பொருளைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் 'சி' என்று பெயரிட்ட ஒரு பகுதியோடு அது ஒட்டிக் கொண்டது. காய்ச்சல் இறங்கி ஆள் பிழைத்ததும் அந்தப் பொருளும் மறைந்து போயிற்று. அதுதான் சி.ஆர்.பி. கல்லீரல் அதைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. சுகமாக இருக்கிறவனுக்கு ஒரு லிட்டருக்குச் சில மில்லி கிராம் கூட இருக்காது. கடுமையான தொற்று வந்தால் 100-ஐத் தாண்டிப் போகும்.

பக்கவாதத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மூளையில் ஒரு பகுதி ரத்தம் இல்லாமல் மாண்டு போகிறது. உடம்பு அதை ஒரு பெரிய காயமாகவே பாவிக்கிறது. ஊருக்குள் தீப்பிடித்தால் எல்லாரும் குடத்தைத் தூக்கிக் கொண்டு ஓடுகிற மாதிரி வெள்ளணுக்கள் ஓடுகின்றன, கல்லீரலுக்குச் செய்தி போகிறது, எண் ஏறுகிறது. 1999-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள், பக்கவாதம் வந்த 200-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில் இந்தப் பொருளை அளந்து வைத்து, வருஷக் கணக்கில் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எண் உயர்ந்திருந்தவர்கள் அதிகமாக இறந்து போயிருந்தார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் பல ஊர்களிலும் பலரும் இதையே பார்த்து விட்டார்கள். வெள்ளணுக்களில் இரண்டு ஜாதியை எண்ணி ஒன்றை மற்றொன்றால் வகுத்து வருகிற எண்ணும் இப்படியே ஜோசியம் சொல்கிறதாம். சாதாரண ரத்த எண்ணிக்கை போதும். சின்ன ஊர் பரிசோதனை நிலையத்திலும் எடுத்து விடலாம்.

இவ்வளவும் மெய். ஆனால் மெய்யின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 2009-ல் எடின்பரோ டாக்டர்கள் அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்து வைத்துச் சலித்துப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட ரத்த எண்களை அன்றாட வைத்தியத்தில் வைத்துக் கொண்டு நோயாளியின் கதியைச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். நோயாளியின் வயதையும், கை கால் எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதையும் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்து போகிற விஷயந்தான். அதற்கு மேல் ரத்தம் சொல்வது கொஞ்சம்.

இன்னொன்று. எண் ஏறினால் ஆபத்து என்றால், எண்ணை இறக்கி விட்டால் ஆபத்து நீங்க வேண்டுமல்லவா? அதையும் செய்து பார்த்தார்கள். அழற்சியைத் தணிக்கிற மருந்து ஒன்றைப் பக்கவாதக்காரர்களுக்கு மான்செஸ்டர் டாக்டர்கள் கொடுத்துப் பார்த்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். எண் இறங்கிற்று. நோயாளிகள் அதனால் அதிகமாகத் தேறி விடவில்லை. புகையை விசிறி விட்டால் நெருப்பு அணையாது என்று நம் பாட்டிமார்கள் இதைச் சுலபமாகச் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் புகை ஒரே அடுப்பிலிருந்துதான் வருகிறது என்று எப்படிச் சொல்வது? பழவேற்காட்டில் இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்க விட்டிருப்பார்கள். விரல்களில் எப்போதும் சிப்பி கீறின காயம், முள் குத்தின காயம் இருக்கும். அந்தக் கையில் ஒன்று சீழ் வைத்தாலும் போதும், இதே எண் ஏறி விடும். வலைக்காரர்களின் பாதங்களும் அப்படித்தான். எண்ணுக்கு மூளை எது, கட்டைவிரல் எது என்று தெரியாது.

கணக்கின் இன்னொரு குணத்தையும் யோசிக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம்: இவ்வளவு எண் ஏறின 100 பேரில் 60 பேர் தேறவில்லை, 40 பேர் தேறினார்கள். கணக்கு துல்லியமானது. ஆனால் கட்டிலில் கிடக்கிற இந்த ஒருவர் 60-ல் சேர்ந்தவரா, 40-ல் சேர்ந்தவரா? அதைக் கணக்கினால் சொல்ல முடியாது. 100 பேருக்குச் சொந்தமான ஒரு விஷயத்தை எடுத்து ஒருவர் தலையில் எழுதுகிறோம். ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவில் ஒவ்வொரு திருகாணியையும் எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு விநாடியையும் கணக்கிட்டு 1979 ஆகஸ்டில் விட்ட முதல் எஸ்.எல்.வி. ராக்கெட் கடலில் விழுந்தது. அடுத்த வருஷம் ஜூலையில் விட்டது வானத்துக்குப் போயிற்று. மனிதர்களே செய்த யந்திரத்தின் கதி இது. படகுக்காரருக்குள் எத்தனை திருகாணி என்று யார் எண்ணினார்கள்?

என் தொழிலில் இந்தச் சங்கடம் இல்லை. முதல் அத்தியாயம் எழுதும்போதே யார் சாகப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதுகிறவன் விதி எழுதுகிறவன். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே அந்தப் பாத்திரத்தைப் பிணமாகப் பாவித்து எழுதினால் நாவல் விளங்காது. கடைசி அத்தியாயம் வரை அவனை வாழ வைத்தாக வேண்டும். முடிவு நிச்சயமாகத் தெரிந்த எனக்கே இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது.

நான் விஞ்ஞானம் விசாரித்துக் கொண்டிருந்தபோது பெரியவரின் மனைவிக்கு வேறு கணக்கு ஓடிக் கொண்டிருந்தது. மறு நாள் ஆஸ்பத்திரி மரத்தடியில் என்னைப் பிடித்துக் கொண்டார்.

"தம்பி, நீ படிச்சவன். ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லணும். படகுக்கும் இஞ்சினுக்கும் சேத்து ஒருத்தன் வெல பேசறான்னு மருமவன் சொல்றான். பொழைப்பாருன்னா வித்துட்டு வைத்தியம் பாக்குறேன். பொழைக்க மாட்டாருன்னா படகு புள்ளைக்கு இருக்கட்டும். இன்னா செய்யட்டும், சொல்லு."

"இப்பவே எதுக்கு அக்கா அதெல்லாம்?" என்றேன்.

"இப்ப கேக்காம எப்ப கேக்குறது? நாளைக்குப் பணம் கட்டச் சொல்றாங்க."

என் போன்ற பட்டணத்து மனிதர்கள் இந்தப் பிரச்னையைச் 'சொல்லலாமா, கூடாதா' என்று பேசுவோம். நோயாளிக்கு உண்மையைச் சொல்வது தர்மமா, மறைப்பது கருணையா என்று பட்டிமன்றம் நடத்துவோம். மாதச் சம்பளமும் இன்ஷ்யூரன்ஸும் இருப்பவர்கள் நடத்தும் பட்டிமன்றம் அது. அந்த அம்மாளுக்கு உண்மை என்பது மனத் தயாரிப்பு அல்ல, ஒரு படகு. அந்த எண்ணை நம்பிப் படகை வைத்துக் கொண்டால் கணவருக்கு வைத்தியம் நின்று போகும். எண்ணை நம்பாமல் விற்று விட்டுக் கணவரும் போய் விட்டால் மகன் கூலிக்குப் போக வேண்டும். மறைத்தால் அவள் கண்ணைக் கட்டி விட்டது போலாகும். டாக்டர் சொன்ன மாதிரி தீர்ப்பாகச் சொன்னால் பொய்யான கண்ணைக் கொடுத்தது போலாகும். இரண்டும் எனக்குச் சம்மதமில்லை.

படிக்காத ஜனங்களிடம் சந்தேகமான விஷயத்தைச் சொல்லக் கூடாது, 'உண்டு', 'இல்லை' என்று ஒரே சொல்லாகச் சொல்லி விட வேண்டும் என்று ஓர் எண்ணம் நம்மிடையே இருக்கிறது. இதை டாக்டர்கள் மட்டும் நினைக்கவில்லை; உபாத்தியாயர்கள், வக்கீல்கள், என்னைப் போன்ற எழுத்தாளர்கள், எல்லாரும் நினைக்கிறோம். பழவேற்காட்டுக்காரர்களைப் பார்த்த பிறகு இதை விடத் தப்பான எண்ணம் இருக்க முடியாது என்று எனக்குப் படுகிறது. சீட்டுப் போட்டு இடம் எடுத்து, இடம் வேறு மீன் வேறு என்று தெரிந்து, மட்டமான பாட்டில் ஒரு நாள் வலை நிறைவதையும் நல்ல பாட்டில் வெறும் வலையோடு திரும்புவதையும் தலைமுறையாகப் பார்த்தவர்கள் அவர்கள். வாய்ப்பு என்பது என்ன என்பதை அவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. என் சிரிக்கிற நண்பர்தான் எண்ணைக் கண்டால் தீர்ப்பு என்று பயப்படுகிறவர்.

ஆகவே அந்த அம்மாளிடம் நான் அவருடைய கணவரின் வார்த்தையையே எடுத்துச் சொன்னேன். "டாக்டர் சொன்னது எடத்தைப் பத்தி, அக்கா. மட்டமான எடம். அவரு சொல்றது மெய்தான். ஆனா வலையில என்ன வரும்னு அவருக்கும் தெரியாது."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ வலையை நனைக்கணும்" என்றார்.

உவமானத்தை மிகைப்படுத்தவும் கூடாது. பாட்டில் முறை மாறி வரும். இன்று கெட்ட இடம் என்றால் நாளைக்கு நல்ல இடம். ரத்தத்தில் விழுந்த சீட்டுக்கு முறை மாற்றம் கிடையாது. தவிர, ஏரியில் சீட்டு என்ன சொன்னாலும் இறால் தன் பாட்டுக்கு வரும். ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை. அங்கே ஜோசியம் சொன்னதே நோயாளியின் கதியை மாற்றி விடும். இந்த விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே பயம் உண்டாகிறது.

2001-ல் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து டாக்டர்கள் ஒரு விஷயத்தை எழுதினார்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்து கிடக்கிற நோயாளிகளின் கதியை எது நிர்ணயிக்கிறது என்று ஆராய்ந்து கொண்டு போனவர்களுக்கு, வயதையும் ரத்தக் கசிவையும் விடப் பெரிய காரணம் ஒன்று தட்டுப்பட்டது. 'இவர் தேற மாட்டார்' என்று முடிவு செய்து சிகிச்சையை நிறுத்திக் கொண்டதுதான் அந்தக் காரணம். தேற மாட்டார் என்று நினைத்தார்கள்; நிறுத்தினார்கள்; தேறவில்லை. பிறகு அந்த மரணம் கணக்கில் சேர்ந்தது. அடுத்த நோயாளிக்கு ஜோசியம் சொல்ல அதுவும் ஓர் ஆதாரமாயிற்று. நம் ஊர் ஜோசியர் எவ்வளவோ மேல். அவர் சொன்ன சனி தசை பலிக்க வேண்டும் என்று யாரும் சோற்றை நிறுத்துவதில்லை. பக்கவாத வைத்தியத்துக்கு விதிமுறை எழுதுகிற அமெரிக்கச் சங்கத்தார், ரத்தக் கசிவு வந்தவர்களுக்கு முதல் நாளே அப்படி முடிவு கட்டி விடாதீர்கள், இரண்டாவது முழு நாளாவது போகட்டும் என்று டாக்டர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் சிகிச்சையை நிறுத்துவது என்று யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. அது தானாகவே நின்று போகிறது. 'தேற மாட்டாராம்' என்ற சொல் கட்டிலைச் சுற்றி ஒரு முறை வந்து விட்டால் போதும். புரட்டிப் படுக்க வைக்கிற கை தாமதிக்கும். வாயைத் துடைக்க வேண்டியவர் டீ குடிக்கப் போய் விடுவார். காலை மடக்கி நீட்டி விட வேண்டியவர், இனி எதற்கு என்று நினைப்பார். இவற்றில் எதையும் குற்றம் என்று சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து ஆளைக் கொன்று விடும்.

எண்ணுக்கு நல்ல உபயோகமும் ஒன்று உண்டு. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குகிற தசைகள் கெட்டுப் போகும். வாயில் ஊற்றுகிற காப்பியும் கஞ்சியும் மூச்சுக் குழாயில் இறங்கி நுரையீரலில் சீழ் பிடிக்கும். ஆஸ்திரேலியாவில், நியூ சௌத் வேல்ஸில், நர்ஸுகளுக்கு மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகப் பார்க்கும்படி சொல்லிக் கொடுத்தார்கள்: காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் சக்தி. புதிய மருந்து ஒன்றும் கிடையாது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, அப்படிக் கவனிக்கப்பட்டவர்களில் இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடந்தவர்களும் குறைவாக இருந்தார்கள். 2011-ல் அது வெளிவந்தது. இதை அறிந்த ஒரு டாக்டர் எண் ஏறியிருப்பதைப் பார்த்தால் மருமகனைக் கூப்பிட மாட்டார். நோயாளியின் மார்பில் குழாயை வைத்துக் கேட்பார். எண் ஏன் ஏறிற்று என்று தேடுவதற்கு அது ஒரு மணி அடித்த மாதிரி.

அன்று சாயங்காலம் அந்த வார்டுக்கு வந்த வயதான நர்ஸ் ஒருத்தி, பெரியவர் வாயில் யாரோ பால் புகட்டுவதைப் பார்த்து விட்டு ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், வார்டே நடுங்கிற்று. தம்ளரைப் பிடுங்கி வைத்தாள். டாக்டரை அழைத்து வந்து மார்பைப் பார்க்கச் சொன்னாள். வலது பக்க நுரையீரலில் சளி கட்டியிருந்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள், மருந்து மாறியது, எண்ணும் இறங்கிற்று.

இதைக் கேட்டு, 'பார்த்தீர்களா, எண் தோற்றது, மனிதன் ஜெயித்தான்' என்று யாராவது எழுந்து நிற்கப் போகிறீர்கள். தயவு செய்து உட்காருங்கள். எண் தோற்கவில்லை. பெரியவர் பிழைத்தார், அவ்வளவுதான். வலது கை இன்னும் மடியிலேயே கிடக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் அவர் இனிமேல் போகப் போவதில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு எண் அவ்வளவு ஏறவே இல்லை என்று சொன்னார்கள். அவர் இரண்டு வாரத்தில் போய் விட்டார். இரண்டு பேரை வைத்துக் கொண்டு 200 பேரை மறுக்க முடியாது. நான் சொல்வது அதுவல்ல. மூன்றாம் நாள் அந்தக் கட்டில் அருகே வைத்தியம் மனத்துக்குள் முடிந்து போயிருந்தது. நர்ஸ் ஒருத்திக்கு மட்டும் அது முடியவில்லை.

ஒரு கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரே ஒரு படுக்கை, ஒரே ஒரு மூச்சு யந்திரம், வாசலில் இரண்டு பேர் என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்போது டாக்டர் எதையாவது பார்த்துத்தானே தேர்ந்தெடுக்க வேண்டும்? சிபாரிசுக் கடிதத்தைப் பார்ப்பதை விட ரத்தத்தைப் பார்ப்பது யோக்கியமானது என்று ஒப்புக் கொள்கிறேன். ஆனால் அப்போது, 'எங்களிடம் படுக்கை ஒன்றுதான் இருக்கிறது' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். படுக்கை இல்லாத குறையை நோயாளியின் ரத்தத்தின் மேல் ஏற்றி, 'உங்கள் எண் சரியில்லை' என்று சொல்லி அனுப்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

படகை அவர்கள் விற்கவில்லை. இஞ்சினை மட்டும் விற்றார்கள். மகன் மாமன் மகனோடு கூட்டுச் சேர்ந்து போகிறான். 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கை கால் பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு பெண் குப்பத்துக்கே வந்து போகிறாள். பெரியவர் அவளிடம் குழந்தை மாதிரி அடம் பிடிக்கிறார் என்று மனைவி சொல்லிச் சிரித்தார்.

எனக்கு ஒரு விஷயம் ரொம்ப நாள் உறைக்கவே இல்லை. டாக்டர் மருமகனிடம் சொன்னார். மருமகன் மாமியாரிடம் சொன்னான். மாமியார் என்னிடம் கேட்டார். பிழைப்பாரா, மாட்டாரா, படகை விற்பதா, வேண்டாமா என்று கட்டிலைச் சுற்றி நின்று எல்லாரும் பேசினோம். கட்டிலில் கிடந்தவருக்கு வாய்தான் போயிருந்தது. இப்படி இடது மூளையில் அடி விழுந்தவர்களில் பலருக்குச் சொல்ல வராதே தவிர, கேட்பது புரியும் என்று வைத்திய நண்பர் பின்னால் சொன்னார். யாருடைய ரத்தமோ, யாருடைய படகோ, அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்த வார்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்துப் போனபோது திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு துண்டு துண்டாகத் திரும்பியிருந்தது. ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவே வலை இழுப்பது போல இழுக்க வேண்டியிருந்தது. மருமகனும் அப்போது இருந்தான். அவனை இடது கையால் அருகே கூப்பிட்டார். முகத்தைப் பார்த்துக் கொண்டே, வெகு சிரமப்பட்டு, அத்தனை நாளாக உள்ளே வைத்திருந்த ஒன்றைக் கேட்டார்.

"படகுக்கு... எவ்ளோ... கேட்டான்?"

மருமகன் தொகையைச் சொன்னான்.

"கம்மி" என்றார் பெரியவர்.